மாதம் பத்து வெள்ளி

2022 ஏப்ரலில் ஊழியர் சேமநிதியிலிருந்து 10,000 வெள்ளி வரை எடுக்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. அப்பா எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார். கோவிட்டுக்குப் பிறகு அவர் தொழிற்சாலையில் ஓவர்டைம் இல்லை, ஆள்குறைப்புப் பேச்சு வேறு. "அங்க கெடந்து என்ன ஆவப்போவுது? நீ படிச்சவன், எதுலயாவது போட்டுக் குடு" என்றார். என் சேமிப்போ அப்போது பிட்காயினில் கரைந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

லகாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய ஈய லம்பக் குட்டை ஒன்று உண்டு. 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வணிகம் நின்றுபோக, கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. அந்தக் குட்டையைப் பார்த்து உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்: "நீ போடப்போறது எங்கய்யா இருக்கு? போயி பாக்க முடியுமா?"

அன்று சிரித்தேன். பாட்டியின் தகரப்பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குத் தாளைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி புரிந்தது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அவசரகாலம், வரப்போகும் சுதந்திரம், செயற்கை ரப்பரின் போட்டி என்று நாளை என்னவாகும் என்ற பயம் துரைமார்களுக்கும் இருந்தது. கொரியப் போர் ஏற்றிவிட்ட விலை, விற்க நல்ல சாக்கு. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரையிலான இந்தத் துண்டாடலைப் பற்றி உங்கு அஜிஸ் தனி ஆய்வே செய்திருக்கிறார். நிலம் கைமாறியபோது லயத்தில் இருந்தவனுக்கு வேலையோடு வீடும் போனது. பலர் கையில் குடியுரிமைகூட இல்லை.

ஒரே நிச்சயமின்மைதான். ஓட முடிந்தவன் நிலத்தைக் காசாக்கிக்கொண்டு கப்பலேறினான். ஓட இடமில்லாதவனோ காசை நிலமாக்கப் பார்த்தான்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பேராக்கில் பால் வெட்டிய பாட்டி கெடாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது இருக்கிறது, போனால் காலால் மிதிக்கலாம். பங்கு வைத்திருந்தாலும் விடிகாலையில் பெரட்டுக்கு ஓடத்தான் வேண்டும், முதலாளி ஆகிவிடவில்லை. துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் மீட்டது கொஞ்சம்தான். இருந்தும், பாட்டி தலைமுறையைப் பயந்தாங்கொள்ளிகள் என்று நான் நினைத்திருந்தது தப்பு. பால் வெட்டும் கூலியில் மாதம் பத்து வெள்ளியை ஒதுக்க நான் காட்டியதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும்.

(இடையில் கூட்டும் பிடித்தார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லையே பெயரில் வைத்து 1971இல் அரசாங்கம் தடைச் சட்டம் போட்டது. எங்கள் லயம் வரை அது வந்து சேரவில்லை.)

1984இல் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. கூப்பிட்டது ம.இ.கா., பங்குக்கு ஒரு வெள்ளி. சுமார் 66,000 பேரிடமிருந்து 106 மில்லியன் வெள்ளி சேர்ந்தது. நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. இந்தியர்களின் பங்குடைமையை உயர்த்துவது நோக்கம். சம்பந்தன் காலத்து நம்பிக்கைதான் இங்கும் வந்தது என்று நினைக்கிறேன்: நம்மாளு கேட்கிறார், எல்லாரும் சேர்ந்து போடுகிறோம். ஆனால் இம்முறை மிதிக்க மண் இல்லை. 1990இல் ஒதுக்கப்பட்ட 10 மில்லியன் டெலிகோம் பங்குகளில் மைக்காவுக்கு வந்தது 1 மில்லியன்தான், மீதி 9 மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது என்ற சர்ச்சை பல ஆண்டுகள் ஓய்ந்தபாடில்லை. 2010இல் ஒரு பங்கை 80 சென்னுக்கு வாங்கிக்கொள்ள ஆள் வந்தபோது, விற்று விலகினால் போதும் என்றிருந்தவர்கள் பலர். 26 வருடக் காத்திருப்புக்குப் பிறகு, போட்ட வெள்ளிக்கும் கீழே.

இன்று என் வயதுக்காரர்கள் பலர், ஒன்று எதையும் நம்பாமல் தங்கச் சங்கிலி வாங்குகிறார்கள், இல்லையென்றால் ஒரே வருடத்தில் இரட்டிப்பாகும் என்பதில் கொட்டுகிறார்கள். நான் இரண்டாவது ரகம். பொறியியல் படிப்பு இதில் ஒன்றும் உதவவில்லை.

அப்பா பணத்தை எடுத்தார். பாதி வீட்டுக் கடனுக்குப் போனது. மீதியை என்னிடம் கொடுக்க வந்த இரவு, கைப்பேசியைத் திறந்து என் பிட்காயின் கணக்கை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சிவப்புல இருக்கே, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.