தி பிக் த்ரீ கில்ட் மை பேபி

"தி பிக் த்ரீ கில்ட் மை பேபி" என்பது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த கராஜ் ராக் இரட்டையர் 'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட தனிப்பாடல். கலிபோர்னியாவின் 'சிம்பதி ஃபார் தி ரெக்கார்ட் இண்டஸ்ட்ரி' நிறுவனம் இதை ஏழு அங்குல இசைத்தட்டாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வெளியான குழுவின் முதல் தொகுப்பிலும் இப்பாடல் உண்டு.

தலைப்பு சுட்டும் மூன்று பெரியவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய கார் நிறுவனங்கள். டெட்ராய்ட்டுக்குச் சோறு போட்டவை இவைதான். நகரம் வெறுமையானதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. ஆலைகள் புறநகருக்கும் பிற மாநிலங்களுக்கும் நகர்ந்தன. வெள்ளையர் குடும்பங்கள் பெருமளவில் வெளியேறின. 1950-இல் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2000-இல் 9.5 லட்சமாகச் சுருங்கியது. பாடலை எழுதிய ஜாக் ஒயிட் இந்நகரிலேயே வளர்ந்தவர். சோபா, நாற்காலிகளுக்கு உறை தைத்துப் பிழைத்தவர்.

அடிக்கடி பழுதாகும் கார், அதில் கரையும் பணம், முடக்கப்படும் நல்ல யோசனைகள் என்று பாடல் பொருமுகிறது. பிரஸ்டன் டக்கரின் பெயரும் வருகிறது. 1948-இல் புதுமையான கார் ஒன்றைக் கொண்டுவந்த டக்கரின் நிறுவனம் சுமார் 50 கார்களோடு மூடப்பட்டது. மோசடி வழக்கிலிருந்து 1950-இல் அவர் விடுதலையானார். மூன்று பெரியவர்களே அவரை ஒழித்தார்கள் என்ற பரவலான நம்பிக்கையைப் பாடல் அப்படியே எடுத்துக்கொள்கிறது. பங்குச்சந்தை ஆணையத்தின் விசாரணைக்கும் பணத் தட்டுப்பாட்டுக்கும் அந்த வீழ்ச்சியில் இருந்த பங்கை அது பேசுவதில்லை. வசைப்பாட்டில் அந்த நிதானத்தை எதிர்பார்க்கவும் முடியாது.

எதிரி மூவர் என்பதால் பாடலுக்கும் மூன்றே சுரக்கூட்டுகள், மூன்றே சரணங்கள். பேஸ் கிதார் இல்லை; மெக் ஒயிட்டின் டிரம்ஸ் ஆலை இயந்திரம்போல் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது. கோபத்தைத் தாங்குவது சொற்களைவிட அந்த அடிதான்.

வெளியானபோது விற்பனைப் பட்டியல்களில் இது இடம்பெறவில்லை. 2001-இல் 'ஒயிட் பிளட் செல்ஸ்' தொகுப்பு பிரிட்டனில் குழுவைப் புகழேற்றிய பிறகே பழைய இசைத்தட்டுகளைத் தேடும் கூட்டம் பெருகியது. மேடைகளில் இப்பாடல் தொடர்ந்து ஒலித்தது. 2020-இல் வந்த தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்பிலும் இடம்பெற்றது.

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி, அரசுப் பணத்தில் மீண்டன, ஃபோர்டு தப்பியது. 2013-இல் டெட்ராய்ட் நகராட்சியே திவால் மனு அளித்தது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழு அதற்கு இரண்டாண்டுகள் முன்பே கலைந்திருந்தது.