ஆலமரத்துக்கு ட்ரிப்ஸ் ஏற்றியது ஏன்? தெலங்கானாவின் 'பில்லலமர்ரி' கதை

2018-ல் ஒரு புகைப்படம் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கலாம். பெரிய ஆலமரம் ஒன்று. அதன் கிளைகள் நெடுக ஆஸ்பத்திரியில் தொங்குவது போல பாட்டில்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மரத்துக்குள் இறங்கும் மெல்லிய குழாய். 'மரத்துக்கு குளுக்கோஸ் ஏத்துறாங்கப்பா' என்று பலரும் பகிர்ந்தார்கள்.

அது குளுக்கோஸ் இல்லை, பூச்சிக்கொல்லி. அந்த மரம்தான் தெலங்கானா மாநிலம் மஹபூப்நகர் ஊரை ஒட்டி இருக்கும் பில்லலமர்ரி.

பெயருக்கு என்ன அர்த்தம்?

தெலுங்கில் 'பில்லலு' என்றால் பிள்ளைகள், 'மர்ரி' என்றால் ஆலமரம். 'பிள்ளைகளின் ஆலமரம்' என்று சொல்லலாம். தாய் மரம் எது, பிள்ளை மரம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு விழுதுகள் இறங்கி, ஒவ்வொன்றும் தனி மரம் போல நிற்பதால் இந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. (இணையத்தில் தேடுகிறவர்கள் கவனிக்க: சூர்யாபேட்டை மாவட்டத்தில் காகதியர் காலக் கோயில்கள் உள்ள ஒரு கிராமத்துக்கும் இதே பெயர்தான். இரண்டும் வேறு வேறு.)

எவ்வளவு பெரியது?

சுமார் 3 ஏக்கருக்குப் பரவியிருப்பதாகக் குறிப்பிடப்படுகிறது. 3 ஏக்கர் என்றால் 1,30,680 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி என்று வைத்தால் 54 கிரவுண்டுக்கு மேல். அத்தனை இடத்துக்கும் நிழல் தருவது ஒரே மரம்.

ஆனாலும் இது இந்தியாவின் மிகப்பெரிய ஆலமரம் இல்லை. ஆந்திராவில் கதிரி அருகே இருக்கும் திம்மம்மா மர்ரிமானு சுமார் 5 ஏக்கர். மேற்கு வங்கத்தில் ஹவுராவின் தாவரவியல் பூங்காவில் உள்ள ஆலமரம் 4.5 ஏக்கருக்கு மேல்.

வயது 700-க்கு மேல் என்பது உள்ளூர் நம்பிக்கை. எண்களைக் கண்டால் சரிபார்க்காமல் விடமாட்டேன் என்று பெயர் எடுத்தவன் நான், ஆனால் இதில் எனக்கும் வழி இல்லை. தேக்கு மாதிரி ஆலமரத்தில் தெளிவான ஆண்டு வளையங்கள் விழுவதில்லை. முதலில் முளைத்த அடிமரம் மட்கிப்போன பிறகும் மரம் உயிரோடு இருக்கும் என்பதால், எதை அளப்பது என்பதே குழப்பம்தான்.

ஊருக்கு இது ஏன் முக்கியம்?

மஹபூப்நகரின் பழைய பெயர் பாலமூர். நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் பெயர் பிறகு வந்தது. வறட்சி மாவட்டம். 'பாலமூர் கூலி' என்றாலே அணை கட்டவும் கால்வாய் வெட்டவும் ஊர் ஊராகப் போன தொழிலாளர்கள் என்றுதான் பொருள். வெயில் கொளுத்தும் அந்த மண்ணில் ஆயிரம் பேர் ஒதுங்கும் நிழல் என்பது சாதாரண விஷயம் இல்லை.

மரத்தடியில் இஸ்லாமியப் பெரியவர்களின் சமாதி இருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு பழைய சிவன் கோயில். ஸ்ரீசைலம் அணைத் தண்ணீரில் மூழ்கவிருந்ததைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்துவந்து இங்கே கட்டினார்கள். தர்காவுக்கு வருபவர், கோயிலுக்கு வருபவர், ஹைதராபாத்திலிருந்து சோறு கட்டிக்கொண்டு பிக்னிக் வரும் குடும்பம், பள்ளிக்கூடச் சுற்றுலா என எல்லோரும் உட்கார்ந்தது இதே நிழலில்தான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

என்ன ஆனது?

2017 டிசம்பரில் ஒரு பெரிய கிளை முறிந்து விழுந்தது. போய்ப் பார்த்தால், உள்ளே கரையான். பொதுமக்கள் மரத்தடிக்கு வருவதை நிறுத்திவிட்டு, வனத்துறை சிகிச்சையில் இறங்கியது.

கரையானை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆலமரக் கிளை பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும். அவ்வளவு எடையைத் தாங்க வழியில் ஒரு விழுது இறங்கி, மண்ணைத் தொட்டு, வேர்விட்டுத் தூணாக மாற வேண்டும். தொங்கும் இளம் விழுதின் நுனி மிக மென்மையானது. அதைப் பிடித்து ஊஞ்சலாடினால் நுனி போச்சு. தப்பித்துக் கீழே வந்தாலும், ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் அது வேர் பிடிக்காது. தூண் இல்லாத கிளை தன் எடையாலேயே விரிசல் விடும், அந்த விரிசலில் கரையான் ஏறும்.

யாரும் மரத்தை வெட்ட வரவில்லை. பாசத்தோடு வந்தவர்கள்தான் விழுதில் ஆடினார்கள், கிளையில் ஏறினார்கள், பட்டையில் பெயர் செதுக்கினார்கள்.

ட்ரிப்ஸ் எதற்கு?

முதலில் மரத்தில் துளையிட்டு, கரையானுக்குப் பயன்படுத்தும் குளோர்பைரிபாஸ் மருந்தை ஊற்றிப் பார்த்தார்கள். உள்ளே போகாமல் வெளியே வழிந்துவிட்டது. அப்போது வந்த யோசனைதான் சலைன் பாட்டில். நீர்த்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மரக்கட்டை அதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஏறத்தாழ 2 மீட்டருக்கு ஒன்று என நூற்றுக்கணக்கான பாட்டில்கள் தொங்கவிடப்பட்டன. சாயும் கிளைகளுக்குக் கீழே கான்கிரீட் முட்டுகளும் கொடுக்கப்பட்டன.

செய்தியானது பாட்டில்தான். என்னைக் கேட்டால், மரத்தடியில் ஆள் நடமாட்டத்தை நிறுத்தியதுதான் பெரிய வைத்தியம். மருந்து கரையானைக் கொல்லும், ஆனால் புது விழுதை அதனால் மண்ணில் இறக்க முடியாது.

அடிமரம் போனால் மரம் போய்விடுமா?

போகாது. ஹவுரா ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டது. காயத்தில் பூஞ்சை பிடித்து, 1925-ல் அடிமரத்தையே வெட்டி அகற்றினார்கள். அடிமரம் இல்லாமலே அது விழுதுகளால் வாழ்கிறது. சுற்றிப் பார்க்கப் போட்ட 330 மீட்டர் சாலையைத் தாண்டியும் பரவிவிட்டது. நம் அடையாறு ஆலமரத்தின் அடிமரமும் 1989 புயலில் சாய்ந்ததுதான், அதையும் இன்று தாங்குவது விழுதுகளே.

இப்போது எப்படி இருக்கிறது?

பில்லலமர்ரி பிழைத்துக்கொண்டது. 2025 மே மாதம் உலக அழகிப் போட்டிக்காக தெலங்கானா வந்தவர்களில் ஒரு குழுவை மாநில அரசு இங்கே அழைத்துவந்து காட்டியது.

நீங்கள் போனால் ஆளுயர அடிமரத்தைத் தேடி போட்டோ எடுக்க வேண்டாம். தலையை நிமிர்த்திப் பாருங்கள். இன்னும் தரையைத் தொடாமல், கயிறு போல மெலிந்து, பழுப்பு நுனியோடு தொங்கும் விழுதுகள் எத்தனை என்று எண்ணுங்கள். கைக்கு எட்டினாலும் தொடாதீர்கள்.