விழுப்புரத்தில் ரயில் மாறியவரும் ஒரு பெரிய எண்ணும்

6746328388800. நம் வழக்கில் படித்தால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800! இந்த எண்ணுக்கும் விழுப்புரத்துக்கும் என்ன சம்பந்தம்?

1910-ம் ஆண்டின் கடைசி. எஃப்.ஏ. தேர்வில் தோற்று, வேலையும் இல்லாத ஓர் இளைஞர் கும்பகோணத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினார். அங்கே ரயில் மாறித் திருக்கோவிலூர் போனார். அவர்தான் சீனிவாச ராமானுஜன். திருக்கோவிலூரில் அப்போது டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர்.

ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. காட்டியது தன் கணக்கு நோட்டு. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை தரவில்லை! ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து இந்த மேதையை முடக்க அவருக்கு மனம் வரவில்லை. பதிலாக, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குச் சிபாரிசுக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று போகும் ரயில் பாதையின் மறுமுனையில் ராமானுஜனின் வாழ்க்கை மாறியது. 1911-ல் கணிதக் கழகத்தின் இதழில் முதல் கட்டுரை, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, 1914-ல் கேம்பிரிட்ஜ்.

நம் எண் வருவது 1915-ல். அந்த ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வெளியானது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது அது. உதாரணமாக 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று நம் முன்னோர் வைத்த 60-ம் இந்த வகைதான். அதற்கு 12 காரணிகள்.

இப்படிப்பட்ட எண்களைக் கையாலேயே கணக்கிட்டு ராமானுஜன் தந்த பட்டியலில் கடைசி எண்தான் 6746328388800. அதைப் பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் எங்கும் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வகை எண்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 4, 36 தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1-தான் என்றும் அவர் நிறுவினார். காரணிகளை எண்ண, ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். 7×5×3×3×2×2×2×2×2 = 10080. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம்? அதே 10080! இந்த எண்ணை 1 முதல் 28 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 29-ல்தான் முதன்முதலாக மீதி வரும்.

ஒரு வேடிக்கை: பட்டியலில் 293318625600 என்ற எண் விடுபட்டுவிட்டது. அதற்கு 5040 காரணிகள். அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள்... பட்டியலின் கடைசி எண்ணே வருகிறது!

எஃப்.ஏ.வில் தோற்றவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது, இந்தக் கட்டுரைக்காக. திருக்கோவிலூரில் கேட்ட வேலை கிடைத்திருந்தால்? அடுத்த முறை விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறக் காத்திருக்கும்போது யோசித்துப் பாருங்கள்.