தோள் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: ஒரு சிறு வரலாறு

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் நம்மில் பலருக்கு முழங்காலும் இடுப்பும்தான் நினைவுக்கு வரும். தோளுக்கும் அப்படி ஒரு சிகிச்சை உண்டு. அது 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் தோளின் அமைப்பு. இது பந்துக் கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். மேற்கை எலும்பின் உருண்டைத் தலைதான் பந்து. தோள்பட்டை எலும்பில் உள்ள குழிதான் கிண்ணம். ஆனால் அந்தக் கிண்ணம் ஆழமில்லாதது, கிட்டத்தட்ட ஒரு தட்டு. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவிவிடாமல் பிடித்து வைத்திருப்பவை அதைச் சுற்றியுள்ள நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும். இந்த நான்கு தசைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவதே மூட்டுத் தேய்மானம். இது தோளில் வந்தால் தலை வாருவதும் சட்டை மாட்டுவதும்கூடப் பெரும்பாடு. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.

செயற்கைத் தோள் மூட்டு முதலில் வந்தது தேய்மானத்துக்காக அல்ல, காசநோய்க்காக. 1893-ல் பாரிஸ் நகரில் 37 வயது ரொட்டிக் கடைத் தொழிலாளி ஒருவருக்குத் தோள் எலும்பைக் காசநோய் அரித்திருந்தது. கையை எடுத்துவிடலாம் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பிழைப்பே கையில்தானே! ஜூல் எமில் பேயான் என்ற அறுவை மருத்துவர், ஒரு பல் மருத்துவர் செய்து கொடுத்த மூட்டை அவருக்குப் பொருத்தினார். தண்டு பிளாட்டினம். பந்து, பாரஃபினில் கொதிக்க வைத்துக் கெட்டியாக்கிய ரப்பர். ஆனால் காசநோய்க் கிருமிக்கு அன்று மருந்து கிடையாது. மீண்டும் மீண்டும் சீழ் வைத்ததால் சுமார் இரண்டு ஆண்டுகளில் அதை எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த பெரிய பெயர் நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் நீர். தோள் எலும்பின் தலை நொறுங்கியவர்களுக்கு அந்தத் துண்டுகளை எடுத்துவிடுவதே அன்றைய வழக்கம். வலியும் பலவீனமும் மிஞ்சின. 1950களின் தொடக்கத்தில் நீர் அந்த இடத்தில் உலோகத் தலை ஒன்றைப் பொருத்தினார். பின்னர் அதையே தேய்மானத்துக்கும் பயன்படுத்தி, 1974-ல் அந்த அனுபவத்தை வெளியிட்டார். கிண்ணத்துக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பொருத்தும் முழு மூட்டு மாற்று அந்த 1970களில்தான் வளர்ந்தது.

இங்கேதான் அந்த நான்கு தசைகள் வருகின்றன. தசை நாண்கள் கிழிந்தவருக்கு எவ்வளவு நல்ல மூட்டு வைத்தாலும் கை மேலே எழாது. பந்து மேல்நோக்கி நழுவும், கிண்ணம் ஆட்டம் காணும். பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைத்தால் என்ன என்று பலர் முயன்றார்கள். நீரும் முயன்று கைவிட்டார்.

அதில் வென்றவர் பிரான்சின் திஜோன் நகரைச் சேர்ந்த பால் கிராமோன். 1985-ல் அவர் வடிவமைத்த மூட்டில் பந்து தோள்பட்டையில் இருந்தது, கிண்ணம் கையில் இருந்தது. முந்தையவற்றில் சுழற்சி மையம் எலும்பை விட்டு விலகி நின்றதால் பந்து சீக்கிரம் கழன்றது. அவர் அந்த மையத்தை எலும்புக்கு அருகில், உள்ளேயும் கீழேயும் கொண்டுவந்தார். இதனால் தோளின் வெளிப்புறமுள்ள டெல்டாய்டு தசை ஒன்றே கையைத் தூக்கும் வலிமை பெற்றது. 1991-ல் வந்த மேம்பட்ட வடிவமான டெல்டா 3 உலகெங்கும் பரவியது.

இன்று தேய்மானத்துக்கு முதலில் மாத்திரை, உடற்பயிற்சி, ஊசி. அவை போதாதபோதுதான் அறுவை சிகிச்சை. நான்கு தசைகளும் நன்றாக இருந்தால் வழக்கமான முழு மூட்டு. அவை கிழிந்திருந்தால் தலைகீழ் மூட்டு. சிலருக்குப் பந்தை மட்டும் மாற்றுவார்கள். வேறு எதுவும் முடியாத நிலையில் மூட்டையே அசையாமல் இணைத்துவிடுவதும் உண்டு.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது தோள் மூட்டை மாற்றச் சொன்னால், எந்தக் கம்பெனி மூட்டு என்று கேட்பதற்கு முன் "தசைகள் எப்படி இருக்கின்றன டாக்டர்?" என்று கேளுங்கள். நூறு ஆண்டு அனுபவம் கற்றுத் தந்த கேள்வி அது.