பாசி நிதி நிறுவன மோசடி

அந்நியச் செலாவணி வணிகத்தில் கொழுத்த லாபம் என்று சொல்லித் திருப்பூரில் 2008–09இல் சுமார் 930 கோடி ரூபாய் சுருட்டப்பட்ட வழக்கு. பனியன் ஊரான திருப்பூரில் டாலர் விலை அன்றாடப் பேச்சு. மக்கள் எளிதில் நம்பியதற்கு அதுவும் காரணமாகலாம். ஏற்றுமதியாளர், டாலர் விலையை முன்கூட்டியே உறுதிசெய்யும் முன்பேர ஒப்பந்தத்தை வங்கியில் போட்டால் அதன் பின்னே ஒரு ஆர்டர் இருக்கும். நோக்கமும் நட்டத்தைத் தவிர்ப்பதே. ‘பணத்தைக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பவரிடம் ஆர்டரும் இல்லை, அனுமதியும் இல்லை. ஏறி இறங்கும் சந்தையில் மாதாமாதம் நிச்சய வருமானம் என்ற பேச்சே மோசடியின் முதல் அடையாளம்.

2011இல் பாசி வழக்கைச் சிபிஐ விசாரணைக்கு ஏற்றது. 2022 ஆகஸ்டில்தான் கோவை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறை விதித்தது. சேமிப்பை இழந்தவர்களுக்கு அது கொடுமையான காத்திருப்பு. அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி, அனுமதியற்ற செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டது. அதில் பெயர் இல்லாததால் மட்டும் ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது.