சிறுநீரகத் திருட்டுக் கதை

அயலூரில் இராத்தங்கும் பிரயாணி ஒருவன், மதுச்சாலையில் முன்பின் அறியாத ஒருவர் வாங்கிக் கொடுத்த பானத்தைக் குடித்து நினைவிழந்து, மறுநாள் பனிக்கட்டி நிரம்பிய குளியல் தொட்டியில் கண் விழித்து, தன் சிறுநீரகம் அறுத்தெடுக்கப்பட்டிருப்பதை அறிகிறான் என்று கூறும் வாய்மொழிக் கதை இது. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் வழங்கலான இதனை, நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஜான் ஹெரால்ட் புருன்வாண்ட் 1993-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். 1997-இல் மின்னஞ்சல் வழியே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பெயரோடு இது பரவி, பீதியுற்ற ஜனங்கள் விசாரித்த வண்ணம் இருந்தமையால், அப்படி ஒரு சம்பவமும் நிகழவில்லை என்று அந்நகரக் காவல்துறை ஜனவரி 30 அன்று அறிக்கை விடுத்தது. உறுப்பை இழந்தவர் எவரேனும் இருந்தால் முன்வருக என அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை வேண்டியும் ஒருவரும் வரவில்லை.

வைத்திய சாஸ்திரத்தின் முன் இக்கதை நிற்பதில்லை. கொடுப்பவர், பெறுபவர் ஆகிய இருவரின் இரத்த வகையும் திசுப் பொருத்தமும் முன்கூட்டியே சோதிக்கப்பட வேண்டும். மயக்க மருந்து நிபுணரும் பயின்ற தாதியரும் கிருமி நீக்கிய அறையும் வேண்டும். எடுத்த உறுப்பைக் குளிரில் வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குள் பொருத்திவிட வேண்டும். குளிர்விக்கப்பட வேண்டியது எடுத்த சிறுநீரகமேயன்றி, அதை இழந்த சரீரம் அன்று.

ஜவ்வாது மலையடிவாரத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் அமைந்த ஒடுகத்தூர் வட்டாரத்துக்கு, இக்கதையில் வரும் கத்தியும் புதிதன்று, குடியும் புதிதன்று. இந்தியாவில் உயிருள்ள ஒருவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தை முதன்முதலாக வெற்றியுடன் பொருத்திய சிகிச்சை 1971-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் நடந்தேறியது. அந்நியன் மீதான அச்சம் இம்மலையடிவாரத்தில் உயிரையும் வாங்கியிருக்கிறது. 2018-இல் நாட்டின் பல பாகங்களிலும் கைப்பேசி வழியே பரவிய பிள்ளை பிடிப்பவர் வதந்திகளில் உறுப்புத் திருட்டும் கலந்தே பேசப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து உறவினரோடு வந்த ஒரு மூதாட்டி, போளூர் அருகே அத்திமூர்ப் பகுதியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். கதைகளால் யாருக்கும் கேடில்லை என்பார் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சிறுநீரகங்கள் மெய்யாகவே பறிபோயின. ஆனால் அவற்றைக் கொண்டுபோனது மயக்கும் பானம் அன்று, கடன். சென்னை வில்லிவாக்கத்தை ஜனங்கள் ‘கிட்னிவாக்கம்’ என்றே அழைக்கும் அளவுக்கு அங்கே ஏழைகள் புரோக்கர்கள் வழியே உறுப்பை விற்றனர். இவ்வியாபாரத்தைத் தடுக்கவே 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நிகழ்த்தி 2002-இல் வெளியான ஆய்வின்படி, 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர், பெரும்பாலோர் பெண்கள், விற்ற பின்னர் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, 86 விழுக்காட்டினர் தம் ஆரோக்கியம் கெட்டதென்றனர். இவர்கள் நல்ல நினைவோடு, தம் கையாலேயே ஒப்பமிட்டு மேசையில் படுத்தவர்கள் என்பதே இவ்விஷயத்தில் நெஞ்சைப் பிளப்பது.

குடிப்பவனுக்கு நேரும் அபாயமோ இன்னும் அருகில் உள்ளது. ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை முதலான மலைக்கிராமங்கள் சூழ்ந்த காடுகளில், வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிக்கிடக்கும் பேரல்களைக் காவலர்கள் தேடிக் கண்டெடுத்துக் கவிழ்ப்பது நெடுங்கால வழக்கம். இத்தகைய ஊறலைக் காய்ச்சி வடித்த சரக்கே கெடுதல் எனில், போதையேற்ற அதில் மெத்தனால் கலக்கப்படுவது பிராணாபாயம். கல்லீரல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்ற, அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. விளைவு பல மணி நேரம் கழித்தே தோன்றுவதால், குடித்தவன் சாதாரணமாக வீடு திரும்பி, தன் பாயிலேயே படுத்துறங்கி, மறுநாள் கண் விழிக்கையில் எதிரே நிற்கும் மனைவியின் முகத்தை மங்கலாகவே காண்கிறான். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் சாராயம் குடித்தோருள் 60-க்கும் மேற்பட்டோர் இவ்விஷத்தால் மாண்டனர். அது அயலான் நீட்டிய கோப்பையன்று, வழக்கமாக வாங்கும் பாக்கெட். உரிய வேளையில் மருத்துவமனை சேர்வோருக்கு ஃபோமெபிசோல் அல்லது எத்தனாலும், இரத்தத்தில் கலந்த நஞ்சை வெளியேற்றச் செயற்கைச் சிறுநீரகமாகிய டயாலிசிஸ் இயந்திரமும் சிகிச்சையாக அளிக்கப்படுகின்றன.