பழுதும் பாடபேதமும்: லினக்சுக் கணினியில் தமிழ் நிலைபெற்ற வரலாறு

பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று வட்டத்தின் செயலாளர் கேட்டபோது, சங்க அகப்பாடல்களில் ஏதேனும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு எழுதித் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். அதற்குள் நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் மறைந்தார். அவர் மறைந்து சில மாதங்கள் கழித்து அவருடைய மகன் பழைய மேசைக் கணினி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தார். “அப்பா எழுதினதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதுங்கம்மா, திறக்க மாட்டேங்குது” என்றார். அந்தப் பெட்டியைத் திறக்க முயன்ற பதினைந்து நாட்களே இக்கட்டுரைக்குப் பொருளாயின. கணினியைப் பற்றித் தமிழாசிரியை எழுதலாமா என்று வினவும் அன்பர்கள், கட்டுரையின் பிற்பகுதிவரை பொறுத்தருள வேண்டும்.

பழுது பார்த்தல் என்பது சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குப் புதியதன்று. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைச் செப்பனிடும் பட்டறைகளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்குள்ள மேஸ்திரி, வண்டியின் ஓசையைக் கேட்டே குறை எங்கென்று சொல்லிவிடுவார். ஆயினும் அவர் கைத்திறன் முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையைப் பொறுத்தது: பானெட் திறக்க வேண்டும். திறக்கவியலாதபடி பூட்டி, சாவியை விற்றவனே வைத்துக்கொண்ட வண்டியை எந்த மேஸ்திரியாலும் செப்பனிட முடியாது. லினக்சின் வரலாறு பூட்டிய பானெட் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது எனலாம்.

1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்திற்குப் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொள்வது அதன் நோய். முன்பிருந்த அச்சுப்பொறியிலும் அந்நோய் உண்டு. ஆனால் அதன் ஆணைநிரல் கையில் இருந்தமையால், தாள் சிக்கியவுடன் அச்சுக்காகக் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகுமாறு ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் இளைஞர் அதனைத் திருத்தியிருந்தார். புதிய பொறிக்கு ஆணைநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து அறிஞரை நேரில் கண்டு கேட்டார். வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தாளை எடுத்துவிடுவதற்கு எழுந்து நடக்கவேண்டிய தொல்லை சிறியது; அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லக்கூடாது என்னும் கட்டு பெரியது. 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தின் முதல் வடிவம் 1989இல் வந்தது. 1991 ஆகஸ்டு 25ஆம் நாள், எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் இருபத்தொரு வயது மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகக் கணினி ஆர்வலர்களுக்கு அறிவித்தார். மறுஆண்டு அதனையும் அவ்வுரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். அதுவே லினக்சு.

அதே 1991இல்தான் ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளிவந்தது; அதில் தமிழும் இடம்பெற்றது. ஆண்டு ஒன்றாயினும் இரண்டும் கைகோக்கப் பல்லாண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் தமிழ்க் கணினி உலகம் இருந்த நிலையை நம் வட்டத்து மூத்தோர் அறிவர். எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு தனி நாடு. ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் மற்றொன்றில் வேறெழுத்து. ஒருவர் தட்டச்சிட்ட கவிதை மற்றொருவர் திரையில் உரோமக் குறிகளின் குப்பையாகக் காட்சியளிக்கும். 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் கூட்டிய தமிழ்நெட் மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாடும் இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றவை. பின்னதன் பயனாகத் தமிழ்நாட்டரசு டாப், டாம் என்னும் குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. அதற்கு முன்பே உலகத் தமிழர் சிலர் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து டிஸ்கி என்னும் குறியீட்டை வகுத்திருந்தனர். 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டபோது, இவ்வழக்கு பெருமளவு முடிவுக்கு வந்தது.

லினக்சில் தமிழ் சந்தித்த தலையாய பழுது, தமிழாசிரியருக்கே உரிய பழுது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பை முதலில் போட்டுப் பின்னர் ககரத்தை எழுதுகிறோம். ஒலிப்பதோ ககர மெய்யை முன்னும் எகரத்தைப் பின்னுமாக. ஒருங்குறி கை எழுதும் வரிசையைக் கொள்ளாமல் வாய் ஒலிக்கும் வரிசையைக் கொண்டது. நினைவகத்தில் ககரம் முன், கொம்பு பின். இவ்வொலிவரிசையைத் திரையில் கண்வரிசையாக மாற்றித் தருவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். தொடக்ககால லினக்சில் அது சரிவர அமையாமையால் கொம்பு எழுத்தின் பின்னே போய் நின்றது, ‘ஒ’கர உயிர்மெய்யின் இரு பகுதிகளும் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டன, துணை கிட்டாத உயிர்க்குறி ஒரு புள்ளிவட்டத்தின்மீது ஏறிக்கொண்டது. இதனைத் தீர்த்த கருவிகளுள் ஒன்று பாங்கோ. கிரேக்கத்தில் ‘எல்லாம்’ எனப் பொருள்படும் சொல்லையும் சப்பானியத்தில் ‘மொழி’ எனப் பொருள்படும் சொல்லையும் இணைத்து இட்ட பெயர் அது. பின்வந்தது ஹார்ஃப்பஸ், பாரசீகத்தில் ‘எழுத்து’, ‘திறந்த’ என்னும் இரு சொற்களால் ஆனது. தமிழ்க் கொம்பை உரிய இடத்தில் நிறுத்த ஈரானில் பிறந்த பேதாத் எஸ்பபோத் போன்றோர் உழைத்தனர் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மிகும். எழுத்துருவுக்கும் அவ்வாறே வழி பிறந்தது. 2004இல் ரெட்ஹாட் நிறுவனம் லோகித் என்னும் எழுத்துருக்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது.

இப்பழுதுக்கு முன்னோடிப் பழுதுகள் நம் சுவடிகளிலேயே உண்டு. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்தும், ஓலை கிழியும் என்று அஞ்சிய ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். நெடிலுக்கும் குறிலுக்கும் வேறுபாடு தெரியாமற் போயிற்று. வீரமாமுனிவர் வந்து கொம்பைச் சுழித்து நெடிலை வேறாக்கினார். 1887இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியையும் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் பதிப்பித்தபோது அவர்கள் ஆற்றிய பணியும் பழுது பார்த்தலே. எங்கே தவறு நுழைந்தது? ஏடெழுதியவன் கையிலா, ஓலையின் சிதைவிலா, முன்னைப் பிரதியிலா? ஏடுகளை ஒப்புநோக்கிப் படிப்படியாக விலக்கிக்கொண்டு வருவதுதான் முறை. கணினியிலும் அதுவே முறை. வன்பொருளா, கெர்னலா, இயக்கியா, எழுத்துருவா என்று ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். லினக்சு, தான் கண்விழித்த கணம் முதல் கண்ட ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதிவைக்கும் இயல்புடையது. அக்குறிப்பேட்டைப் படிக்கப் பொறுமையுள்ளவர்க்கு நோய் தானே வெளிப்படும்.

ஒருங்குறி வந்தபின்னும் பாடபேதம் ஒழிந்துவிடவில்லை. ‘ஔ’ என்னும் உயிரெழுத்துக்கு ஒரே குறியெண் உண்டு. அதனை அறியாதார் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிக்கின்றனர். கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது; கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். நம் வட்டத்தின் பத்தாண்டுக் கட்டுரைக் கோப்புகளில் ஔவையாரைத் தேடினேன். பாதி இடங்களில் அவர் அகப்படவில்லை. அதியமானின் அவையில் அஞ்சாது நின்றவர் நம் தட்டச்சில் ஒளிந்துகொண்டார்.

தமிழ்நாட்டில் லினக்சு பரவிய வரலாறு ஏற்றத்தாழ்வு உடையது. 2000ஆம் ஆண்டையொட்டித் தன்னார்வலர் பலர் கே.டி.ஈ., நோம் ஆகிய திரைச்சூழல்களின் சொற்களைத் தமிழாக்கத் தொடங்கினர். உமாசங்கர் எல்காட்டின் மேலாண் இயக்குநராயிருந்த காலத்தில் அந்நிறுவனம் சூசி லினக்சைப் பெருமளவில் ஏற்றது. 2007 சனவரியில் சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் பாசும் இருந்தது. 2012 சனவரி முதல் ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருள்களை எளிய தமிழில் எழுதிவந்தது. இவையனைத்தையும் பாராட்டும்போதே ஒன்றையும் சொல்லவேண்டும். என் மாணவியருள் பலர் தம் மடிக்கணினியில் இருந்த லினக்சை ஒருமுறையேனும் திறந்து பார்த்ததில்லை. இடத்தை அடைக்கிறது என்று அண்ணன்மாரிடம் கொடுத்து அழித்துவிட்டனர். திறந்த பானெட்டைக் கொடுத்தோம். திருப்புளியைப் பிடிக்கக் கற்றுத்தரவில்லை.

இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் காலமும் இரண்டாகும். விண்டோசு, கணினியின் உட்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும். லினக்சு உலகப் பொதுநேரத்தை வைக்கும். எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தவறும். இதைப் பழுது என்று கடைக்காரரிடம் காட்டிப் பணம் கொடுத்தோரும் உண்டு. உள்ளூர் நேரத்தையே கொள்க என்று லினக்சுக்கு ஒரு வரி ஆணையிட்டால் தீரும். கம்பியில்லா இணையம் கிட்டாமை மற்றொன்று. அவ்வட்டைகள் பலவற்றை இயக்கும் உள்நிரல் கட்டற்றதன்று. ஆகவே டெபியன் நெடுங்காலம் அதனைத் தன் நிறுவு வட்டில் சேர்க்கவில்லை. 2022இல் வாக்கெடுத்து, 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் சேர்த்தது. கொள்கைக்கும் பயன்பாட்டுக்கும் நடந்த அவ்வழக்கில் என் மனம் இன்றும் இருபக்கமும் நிற்கிறது.

இனி, கவிஞரின் கணினி. மின்விசையை அழுத்தினால் திரை எழவில்லை. விட்டு விட்டுக் கூவிற்று. கணினி அறிவியல் பயிலும் மாணவி ஒருத்தியை அழைத்தேன். அவள் நினைவக அட்டையைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் அழிப்பானால் அதன் பொன்னிற முனைகளைத் தேய்த்து மீளச் செருகினாள். திரை எழுந்தது. பலகையில் இருந்த 2032 எண் நாணய மின்கலம் தீர்ந்துபோயிருந்தமையால், கணினி தான் பிறந்த ஆண்டையே இன்னும் காட்டிக்கொண்டிருந்தது. அதுதான் இணையத்தளங்கள் எவையும் திறவாமைக்கும் காரணம் என்றாள். தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் எதிர்காலத்தில் தொடங்குவனவாக அதற்குத் தோன்றும் அன்றோ! மின்கலத்தை மாற்றினோம். ஆயினும் விண்டோசு எழவில்லை; வன்தட்டு ‘டிக் டிக்’ என்று ஒலித்தது.

அவ்வொலியைக் கேட்டதும் அவள் கணினியை அணைத்துவிட்டாள். “அம்மா, இனி ஒவ்வொரு முறை போடும்போதும் கொஞ்சம் போயிரும்” என்றாள். பிறகு, நிறுவாமலே விரற்கோலிலிருந்து இயங்கும் லினக்சைக் கொண்டுவந்தாள். 2000ஆம் ஆண்டில் கிளவுஸ் நாப்பர் என்னும் செருமானியர் நாப்பிக்ஸ் வாயிலாகப் பரவலாக்கிய வழி இது. நோயுற்ற தட்டைத் தொடாமலே கணினியை எழுப்பலாம். டிடிரெஸ்கியூ என்னும் கருவியைக் கொண்டு அத்தட்டை வேறொரு தட்டில் படியெடுக்கத் தொடங்கினாள். அக்கருவி முதலில் நலமுள்ள பகுதிகளை விரைந்து படியெடுத்துக்கொள்ளும். கெட்ட இடங்களில் மல்லுக்கு நில்லாது தாண்டிச்சென்று, அவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு, இறுதியில்தான் அவற்றிடம் திரும்பிவரும். சிதைந்த ஏட்டைக் கையாளும் பதிப்பாசிரியர் வேறென்ன செய்வார்? இரண்டு இரவும் ஒரு பகலும் ஆயின.

கோப்புகள் கிடைத்தன, கவிதைகள் கிடைக்கவில்லை. அவர் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சிட்டிருந்தார். அவ்வெழுத்துரு கண்வரிசையைப் பின்பற்றியது: கொம்பு முன், ககரம் பின். ஒருங்குறிக்கு மாற்றும் நிரலை ஓட்டியபோது பெரும்பகுதி ஒழுங்காக வந்தது. சில இடங்களில் கொம்பு இடம் தவறி அடுத்த எழுத்தில் ஏறிக்கொண்டது. அவற்றை எந்த நிரலும் திருத்தாது. நானும் அவர் மகனும் அருகருகே அமர்ந்து வரிவரியாகப் படித்தோம். ஓரிடத்தில் ‘கொடி’யா ‘கோடி’யா என்று நான் தயங்கியபோது, தமிழ் இலக்கணம் அறியாத அம்மகன், “கோடிதானுங்கம்மா, அப்பா படிச்சுக் காட்டினது ஞாபகம் இருக்கு” என்றார். சுவடிப் பதிப்பில் இதனை வாய்மொழிப் பாடம் என்போம்.

மீண்டவை நாற்பத்தொரு கவிதைகள். அவற்றுள் ஏழு இம்மலரில் இடம்பெற்றுள்ளன. ஏழாவதன் நடுவே நான்கு வரி அளவுக்குப் புள்ளிகள் இடப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அஃது அச்சுப்பிழையன்று, தட்டின் அப்பகுதியை எத்தனை முறை முயன்றும் படிக்க இயலவில்லை. அவ்வரிகளை அவர் சேலத்துக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்ததாக அன்பர் இருவர் சொல்கின்றனர். எவருக்கேனும் நினைவிருப்பின், அல்லது எவரேனும் குறித்துவைத்திருப்பின், எனக்கு எழுதி உதவ வேண்டுகிறேன். ‘ஔ’ வருமிடத்தில் மட்டும் ஒகரமும் ளகரமும் இட்டு அடிக்காதிருங்கள்.